பதினேழாம் பிரிவும் மூன்று கதிரைகளும்

நளீமின் அழைப்பு வந்தபோது நான் தில்லையடிச் சந்திக் கடையில் பாண் வாங்கிக்கொண்டு நின்றேன். "நானா, பிலோமினாக்கா மவுத்து. விடியச் சுபஹ் தொழுகை நேரம் போயிட்டா" என்றான். பிலோமினா அக்காவின் படகில் எட்டு வருடம் எஞ்சின் பிடித்தவன் நளீம். ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் சாவை அவன் எங்கள் முஸ்லிம் வீட்டுச் சொல்லால் அறிவித்ததை அக்கா கேட்டிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார். பாணைக் கடை மேசையிலேயே விட்டுவிட்டு நான் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.

கற்பிட்டி வீதியில் அவருடைய ஊர்ச் சந்தியில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது பதாகை. அக்காவை அறிந்த உங்களில் பலரும் அதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கொடிகளுக்கு நடுவே ஆள் உயரத்தில், அக்காவின் படத்தோடும் பிரதேச சபையின் இலச்சினையோடும், "மக்கள் சேவையின் மாணிக்கமே, உங்கள் கடற்பணி எம் நெஞ்சை விட்டு நீங்காது" என்று எழுதியிருந்தது. கீழே தவிசாளர், செயலாளர், உறுப்பினர்கள், உத்தியோகத்தர்கள். எனக்கு அது நாறியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். அந்தப் படம் எனக்குத் தெரிந்த படம். அவருடைய ஒப்பந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் நானே என் கையால் குத்தி வைத்த படம். அப்படியானால் யாரோ அந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார்கள். படத்தைக் கழற்றியிருக்கிறார்கள். அதே கோப்பில் பதினேழாம் பிரிவும் கிடக்கிறது. அதைத் தாண்டிப் போய்த்தான் படத்தை எடுத்திருக்கிறார்கள். சீ!

நான் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சபையில் பத்தொன்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். சிங்களத்தில் வருவதைத் தமிழில் ஆக்குவதும் என் வேலைதான். அக்கா என்னைக் "கிளாக்கர்" என்றே கூப்பிடுவார். எந்தச் சபை என்று எழுத மாட்டேன். பயத்தில் அல்ல. பெயரைச் சொன்னால் மற்றச் சபைக்காரர் எல்லாரும் தங்களைப் பற்றி இல்லை என்று நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பார்கள்.

போர் முடிந்து மூன்றாவது வருடம் அது. அதற்கு முன்னர் கடற்படைப் பாஸ் இல்லாமல், களப்பு என்கிற எங்கள் கடலேரியில் ஒரு தோணி அசையாது. பாஸ் நின்றதும் சபை ஒரு படகுச் சேவையைத் தொடங்கியது. களப்புக்கு அப்பால் இருக்கும் தீவிலிருந்து காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும்; திரும்பும்போது ஆசிரியர்களையும் மருத்துவமாதுவையும் அங்கே கொண்டுபோக வேண்டும்; நோயாளி இருந்தால் எந்த நேரமும் ஏற்ற வேண்டும். மூன்று வருட ஒப்பந்தம் பிலோமினா அக்காவுக்குக் கிடைத்தது. கரையிலிருந்து இழுக்கும் வலைக்குச் சொந்தக்காரரான கரைவலைச் சம்மாட்டியின் மகள், கரைவலைச் சம்மாட்டியின் மனைவி. புருஷன் கடலோடு போன பிறகு வலையையும் ஆட்களையும் தானே கட்டி மேய்த்தவர். வலையை மகளின் புருஷனிடம் கொடுத்துவிட்டு, பெரிய படகு ஒன்றை எடுத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்தார்.

கைச்சாத்திட வந்த நாளில் என் மேசைக்கு முன்னால் வந்து, "எல்லாத்தையும் வாசிங்க" என்றார். பதினொரு பக்கம். சாதாரணமாக யாரும் அப்படிக் கேட்பதில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எங்கே கையெழுத்து என்பார்கள். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசித்தேன். பதினேழாம் பிரிவு வந்ததும் கையைத் தூக்கினார். "அதை இன்னொருக்கா." மறுபடி வாசித்தேன். பிணக்கு ஏதும் எழுமிடத்து இரு தரப்பினரும் இருவருக்கும் சம்மதமான மத்தியஸ்தர் ஒருவர் முன்னிலையில் கூடி இணக்கம் காண முயல வேண்டும். அவ்வாறு கூடாமல் எத்தரப்பும் ஒப்பந்தத்தை இரத்துச் செய்யலாகாது. மூன்றாம் தரமும் வாசிக்க வைத்தார்.

"சபையில இருந்து ஆர் வந்து இருப்பாங்க? தவிசாளரா?"

"ஓம் அக்கா."

"கதிரையில? எனக்கு முன்னால?"

"ஓம் அக்கா, கதிரையிலதான். எழுதியிருக்கே."

"அப்ப சரி. இது எங்கட கரைச் சட்டம்தான். ஆரோ கரைவலைக்காரன் எழுதியிருக்கிறான்" என்று சிரித்துக்கொண்டு ஒப்பமிட்டார். மத்தியஸ்தர் என்ற இடத்தில் சிவபாதம் மாஸ்டரின் பெயரைச் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து முந்தலில் குடியேறிய ஓய்வுபெற்ற அதிபர் அவர். சபையும் மறுக்கவில்லை. அந்த இரண்டு 'ஓம்'களும் என் வாயிலிருந்து போனவை. பிறகு எத்தனையோ தடவை அவற்றை என் வாய்க்குள்ளேயே திருப்பிப் போட்டு மென்றிருக்கிறேன்.

கரைச் சட்டம் என்று அவர் சொன்னதை விளக்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதிலேதான் போய் விழுந்தது. அவர்கள் கரையில் இரண்டு சம்மாட்டிகளுக்குள் வலை போடும் முறை யாருடையது என்று சண்டை வந்தால், கடலில் ஏற்கனவே வளைத்துப் போட்ட வலையை யாரும் நிறுத்த முடியாது. கயிற்றை விட்டால் வலையும் போகும், மீனும் போகும். ஆகவே இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து இழுத்து அதைக் கரை சேர்க்க வேண்டும். பிறகு இரண்டு சம்மாட்டிகளும் மூன்றாவது ஆள் ஒருவரை நடுவில் வைத்து மணலில் உட்கார்ந்து இருக்க வேண்டும். இருந்து கதைக்கும் வரைக்கும் பழைய முறைதான் முறை. இருக்காமல் எழும்பிப் போகிற சம்மாட்டிக்கு மறுநாள் கயிறு பிடிக்க ஒருவனும் வரமாட்டான். இவ்வளவுதான் சட்டம். பதினொரு பக்கம் தேவைப்படவில்லை.

அக்காவின் மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடியது. மேலே உள்ள இறால் பண்ணைகளின் கழிவு அதில்தான் வரும். காற்றுத் திரும்பினால் செத்த இறாலும் சேறும் சேர்ந்த நாற்றம் அறை முழுக்க நிற்கும். ஒருநாள் அக்கா படகின் நாட்குறிப்பை ஒப்படைக்க வந்தவர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எப்படித்தான் இதுக்குள்ள இருக்கிறீங்க?" என்றார். நாங்கள் சிரித்தோம். "பழகிப் போச்சு அக்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பழகாதீங்க கிளாக்கர். நாத்தம் பழகிப் போச்சு எண்டா நாத்தம் போகேல்ல, மூக்குத்தான் செத்துப் போச்சு. நான் நாற்பது வருஷம் மீனுக்குள்ள கிடந்தவள். இண்டைக்கும் ஒரு மீன் கெட்டிருந்தா எனக்குத் தெரியும்." அன்று அது எனக்கு ஒரு பகிடியாகத்தான் பட்டது.

பிணக்கு வந்த கதை மிகச் சின்னது. வாய்விட்டுச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. போர் முடிந்ததும் எங்கள் கரைக்கு ஹோட்டல் கட்டக் காணி பார்க்கிறவர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு காலை தவிசாளரே அப்படி ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு தீவின் இறங்குதுறையில் வந்து நின்றார். அவர்கள் வந்த படகு பழுதாகிவிட்டதாம். அக்காவின் படகில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அன்று தவணைப் பரீட்சை. பிள்ளைகளை இறக்கிவிட்டு இவர்களை முதலில் கொண்டுபோய் விடும்படி தவிசாளர் சொன்னார். அக்கா சொன்ன பதிலை நளீம் ஆயிரம் தடவை சொல்லிக் காட்டியிருக்கிறான். "பிள்ளையள் பரீட்சை எழுதப் போகுதுகள். இவங்க சுத்திப் பாக்க வந்தவங்க. அப்ப சுத்திப் பாத்துக்கொண்டு நிக்கட்டும், முக்கால் மணித்தியாலத்தில வாறன்." பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதுதான் பிழை. பெரிய மனிதர்களுக்கு வெயில் சுடாது, தாமதமும் சுடாது. சிறு பிள்ளைகள் சிரித்தால் மட்டும் சுடும்.

அடுத்த வாரமே செயலாளர் என்னைக் கூப்பிட்டார். கையெழுத்தில் ஒரு வரைவு. பயணிகளிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டமை, பாதுகாப்பு அங்கிகள் பேணப்படாமை ஆகிய காரணங்களால் ஒப்பந்தம் உடன் அமுலுக்கு வரும் வகையில் இரத்து. பாதுகாப்பு அங்கிகளாம்! ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து அந்த அங்கிகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வேலி நீளத்துக்கும் காயப்போடுகிற மனுஷி அவர். அந்த வேலியை பஸ்ஸில் போகிற எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். செயலாளரும் அதே பஸ்ஸில்தான் வருவார்.

"சேர், பதினேழாம் பிரிவு இருக்கே. மத்தியஸ்தர் முன்னால இருக்காம இரத்துச் செய்ய ஏலாதே" என்றேன். இதை எழுதும்போது கூட, நான் அவ்வளவாவது சொன்னேனே என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்க்கிறது. அதையும் நான் காறித் துப்ப வேண்டும். செயலாளர் தலை நிமிரவே இல்லை. "அது சும்மா போடுறது தம்பி. எல்லா ஒப்பந்தத்திலயும்தான் இருக்கு. ஆர் இருந்தது? நீர் அடிச்சுக்கொண்டு வாரும்" என்றார். தமிழ் பேசுகிற மனிதர்தான். தவிசாளரும் அப்படித்தான். வேறு யாரிலும் பழி போட எனக்கு வழியில்லை.

நான் தட்டச்சுச் செய்தேன். வடக்கிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு துணிப் பையோடு தில்லையடிக்கு வந்தவன் நான். அகதி முகாமிலிருந்து படித்து ஒரு அரச மேசை கிடைத்தது. ஓய்வூதியத்துக்கு நாலு வருடம் மிச்சம். இவற்றையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மெல்ல மறுத்திருக்கலாம், லீவு போட்டிருக்கலாம், விரலில் காயம் என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஒன்றுமே செய்யவில்லை. எழுத்துப் பிழை கூட விடவில்லை. அழகான கடிதம் என்று செயலாளர் பாராட்டினார்.

கடிதத்தைக் கையில் கொடுத்து ஒப்பம் வாங்கி வரும்படி என்னையே அனுப்பினார்கள். அக்கா இறங்குதுறையில் படகைக் கழுவிக்கொண்டு நின்றார். நானே வாசித்துக் காட்டினேன். முடிந்ததும், "பதினேழு எங்க?" என்று மட்டும் கேட்டார்.

"இதில இல்ல அக்கா."

"இரத்து எண்டு எழுதியிருக்கு. ஆனா நாங்க இன்னும் இருக்கேல்லையே. இருக்காம எப்பிடி இரத்தாகும்?" என்றார். நான் களப்பைப் பார்த்தேன். அக்கா நளீமைப் பார்த்துச் சொன்னார். "சரி. வலை தண்ணிக்குள்ள கிடக்குது. கூப்பிட்டு இருத்துற வரைக்கும் ஓட்டம் நிக்காது. நாளைக்கும் ஆறரைக்குப் படகு எடு."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் கரைச் சட்டப்படி கணக்குப் போடுகிறார். சபையின் சட்டத்தில் கடிதம் கைக்குக் கிடைத்த பிறகு படகை ஓட்டினால் அது அனுமதியில்லாத பயணிகள் சேவை. அவர்களுக்கு அதுதான் வேண்டும். அந்த ஒரு ஓட்டத்தைப் பிடித்தால் பதினேழாம் பிரிவே செல்லாது என்று சொல்லிவிடலாம். அக்கா, படகை நிறுத்துங்க, நிறுத்திவிட்டு மத்தியஸ்தத்தைக் கேட்டு எழுதுங்க, நான் எழுதித் தாறன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சொன்னது சபைக்குத் தெரிந்துவிடுமோ என்று நினைத்தேன். ஒப்பப் புத்தகத்தை நீட்டினேன். அவர் ஒப்பமிட்டு, பக்கத்தில், "பெற்றுக்கொண்டேன். 17 பார்க்க" என்று எழுதினார். கடதாசியில் தண்ணீர் பட்டு மை கொஞ்சம் கலைந்தது.

அடுத்த நாளும் படகு ஓடியது. அதற்கு அடுத்த நாளும். சபை கொடுப்பனவை நிறுத்திவிட்டது; அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் இருந்து கதைப்பதைத்தான். தவிசாளருக்கு எழுதினார், பதில் இல்லை. அதன் பிறகுதான் கதிரைகள் வந்தன. ஒரு திங்கட்கிழமை காலை, பிள்ளைகளைக் கரை சேர்த்த கையோடு, வீட்டிலிருந்து மூன்று சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகளை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு சபைக்கு வந்தார். முன் விறாந்தையில் மூன்றையும் வட்டமாக வைத்தார். ஒன்றில் அவர். ஒன்றில் முந்தலிலிருந்து பஸ் ஏறி வந்த சிவபாதம் மாஸ்டர், மடியில் ஒரு கொப்பியோடு. மூன்றாவது தவிசாளருக்கு. பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் இருந்தார்கள். தவிசாளர் பின் கதவால் வந்து பின் கதவால் போனார். நாங்கள் உத்தியோகத்தர்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். சிலர் சிரித்தார்கள்.

ஒவ்வொரு திங்களும் அப்படி வந்தார்கள். வெறுங்கதிரையின் தூசியை அக்கா முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் தான் உட்காருவார். மூன்றாவது கிழமையோ நாலாவது கிழமையோ நான் ஒரு கோப்போடு விறாந்தையால் போனபோது அக்கா கூப்பிட்டார். "கிளாக்கர், நீங்க எந்த நேரமும் நிண்டுகொண்டே இருக்கிறீங்க. இந்தா, கதிரை சும்மாதானே கிடக்குது. கொஞ்சம் இருங்களன்." பகிடிதான் விட்டார். ஆனால் கண் பகிடி விடவில்லை. "வேலை கிடக்குது அக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். என்ன வேலை! கையில் இருந்தது நாய்களுக்கு உரிமப் பட்டி கட்டுவது பற்றிய கோப்பு.

அந்த வாரமே படகைப் பிடித்தார்கள். காலை ஏழு மணி. இக்கரை இறங்குதுறையில் பொலிசும் சபையின் இரண்டு உத்தியோகத்தர்களும் காத்து நின்றார்கள். படகில் பதினாறு பிள்ளைகள், எல்லாரும் அந்தக் கழுவிய அங்கிகளோடு. பிள்ளைகளைக் கரையில் இறக்கிவிட்டு நளீமை ஜீப்பில் ஏற்றினார்கள். அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வலை தண்ணிக்குள்ள இருக்கேக்க கயித்தை வெட்டுறீங்களே, நீங்க மனுஷரா?" என்று கத்தினாராம். பொலிஸ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன வலை, எங்கே வலை என்று தண்ணீருக்குள் பார்த்தார்களாம். இதைக் கேட்டுச் சபையில் சிரித்தவர்களோடு நானும் பல்லைக் காட்டினேன். அப்படித்தான் இருந்தேன் நான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரித்துச் சொன்னால் அருவருப்புத்தான் கூடும். ஒப்பந்தக்காரர் சட்டவிரோதமாக நடந்துகொண்டதால் பதினேழாம் பிரிவின் பயனைக் கோர முடியாது என்று சபை எழுதியது. அதையும் நான்தான் தட்டச்சுச் செய்தேன். படகுச் சேவை, ஹோட்டல் படகு வைத்திருந்த ஒருவருக்குப் போனது. அது வெள்ளைக்காரர் வருகிற மாதங்களில் அவர்களைச் சுமக்கும். மிச்ச நேரத்தில் பிள்ளைகளைச் சுமக்கும். மருத்துவமாது கிழமைக்கு மூன்று நாள் போனவர், மாதத்துக்கு இரண்டு நாள் என்றானது. தீவில் பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் சிலர் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிட்டார்கள். அக்கா வழக்குப் போட்டார். தவணை, தவணை, தவணை. கடைசியில் ஒப்பந்தக் காலமான மூன்று வருடமும் முடிந்துவிட்டது. முடிந்த ஒப்பந்தத்தில் பிணக்கு ஏது என்று சபையின் சட்டத்தரணி கேட்டார். கோப்பு மூடப்பட்டது. இரத்துச் செய்வதற்கு ஒருநாள் போதும். இருந்து கதைப்பதற்கு மூன்று வருடம் போதவில்லை.

பொலிஸ் பிடித்துப் போன படகு எஞ்சின் பழுதாகித் திரும்பி வந்தது. அக்கா அதை மீன்பிடிக்குக் கொடுத்தார். என்னை வழியில் கண்டால் முன்பு போலவே, "என்ன கிளாக்கர், உம்மா சுகமா?" என்பார். ஒருநாளும் கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு பெருநாளுக்குப் பெருநாள் வட்டிலப்பம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, ருசித்து, "உங்கட பொஞ்சாதிக்குக் கைப்பக்குவம்" என்று சொல்லி, கிண்ணத்தைக் கழுவித் தருவார். நான் சொல்ல நினைத்துப் போனதை ஒவ்வொரு முறையும் கழுவிய கிண்ணத்தோடு திருப்பிக் கொண்டுவந்தேன்.

செத்த வீட்டுக்கு வருகிறேன். முற்றத்தில் வாடகைக் கதிரைகள் நீலத்தில் வரிசையாகக் கிடந்தன. உள்ளே, பெட்டியின் பக்கத்தில் மட்டும் அந்தச் சிவப்புக் கதிரைகள் மூன்று. ஒன்றில் சிவபாதம் மாஸ்டர் இருந்தார். எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். இரண்டு வெறுமையாக இருந்தன. பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பழைய தவிசாளர் வந்தார். அவருடைய பதவி போய்விட்டது, ஆனாலும் வெள்ளை உடுப்பும் கூடத் திரிகிற இரண்டு பேரும் போகவில்லை. பெட்டிக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு, இருப்பதற்கு இடம் தேடினார். அக்காவின் மகள் மெர்லின் எழும்பி வந்து, சிவப்புக் கதிரை ஒன்றைத் துடைத்து, பெட்டிக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டாள். அவர் இருந்தார். அது என்ன கதிரை என்று அவருக்குத் தெரியாது. அவர்தான் அந்த விறாந்தைப் பக்கம் வந்ததே இல்லையே.

மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்து அவரைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "நல்லது" என்றார், காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில். "ரெண்டு தரப்பும் வந்தாச்சு. தொடங்குவமா?"

செபமாலை நின்றுவிட்டது. தவிசாளர் அரைச் சிரிப்புச் சிரித்தார். சுற்றிப் பார்த்தார். ஒருவரும் திருப்பிச் சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்துப் பார்த்து, "இன்னொரு செத்த வீட்டுக்கும் போக வேணும்" என்று எழும்பினார். அன்று நான் அறிய எங்கள் பக்கத்தில் வேறு செத்த வீடு இருக்கவில்லை. முன் வாசலால்தான் போனார்; அந்த வீட்டில் பின் கதவு எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

நான் சுவரோடு நின்றுகொண்டிருந்தேன். மெர்லின் என்னைப் பார்த்தாள். "நீங்க இருங்க, கிளாக்கர் மாமா" என்றாள். தாய் கூப்பிட்ட அதே கதிரை. இந்த முறை கையில் கோப்பு இல்லை. போய் இருந்தேன். மாஸ்டர் முன்னுக்குச் சாய்ந்து என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"நீர் எந்தத் தரப்பு?"

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. "சபைத் தரப்பு, சேர்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கடிதத்தையும் அடித்தது நான். படகை ஓட்டினால் பிடிப்பார்கள் என்று இறங்குதுறையிலேயே எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கா படகை நிறுத்தியிருப்பார், அவர்கள் இருந்தே ஆக வேண்டி வந்திருக்கும். சொல்லவில்லை. மாஸ்டர் முழுவதையும் கேட்டார், அல்லது கேட்டதுபோல இருந்தார். வாசலில் நின்ற நளீம்தான் பேசினான். "என்னை ஜீப்புல ஏத்திச் சபைக்குக் கொண்டு வந்தப்ப நீங்க கந்தோர் ஜன்னல்ல நிண்டீங்க நானா. இவ்வளவு வருஷமும் வாயத் திறக்கலியே."

மன்னிப்புக் கிடைத்தது என்று எழுதி இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு ஆசைதான். பதாகையில் எழுதுகிறவர்களுக்கு அது கைவரும். மன்னிக்க வேண்டியவர் பெட்டிக்குள் கிடந்தார். அவர் பேச முடியாத நாள் பார்த்துத்தான் எனக்குப் பேச்சு வந்தது. அதிலும் கூட நான் சபைக்காரன்தான்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இரண்டு. ஒன்று, ஒப்பப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தின் பிரதி, ஓய்வு பெற்ற நாளில் எடுத்தது. மை கலைந்த இடத்திலும் "17 பார்க்க" தெளிவாகத் தெரிகிறது. மற்றது அவர் சொன்ன அந்த வார்த்தை. நாற்றத்துக்குப் பழகாதீங்க, கிளாக்கர். அக்கா, மூக்கு இன்னும் சாகவில்லை. பதாகையைக் கண்டதும் நாறியது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது பதாகை பின்னால் போய்விட்டது, நாற்றம் போகவில்லை. என் இரண்டு கைகளும் என் மடியில்தான் இருந்தன.